காய்ச்சலே இல்லாத எங்கள் தெருவுக்கு

அயனாவரத்தில் எங்கள் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் குடியிருக்கும் எல்லோருக்கும், தெருமுனை மருந்துக்கடைக்காரன் எழுதுவது.

இன்று 2021 மே 23, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவுக்காக நாளை காலையிலிருந்து ஒரு வாரத்துக்குத் தளர்வு எதுவும் இல்லாத முழு ஊரடங்கு. காலை பத்து மணி வரை திறந்திருந்த மளிகைக்கடையும் இனி கிடையாது, காய்கறிக் கடையும் கிடையாது, கறிக்கடையும் கிடையாது. பால் வரும், தண்ணீர் கேன் வரும், பேப்பர் வரும். காய்கறியும் பழமும் தோட்டக்கலைத் துறையும் மாநகராட்சியும் சேர்ந்து வண்டியில் கொண்டுவருவார்கள் என்கிறார்கள், வந்தால் பார்ப்போம். மருந்துக்கடை எப்போதும்போல் திறந்திருக்கும். ஆக, வருகிற ஏழு நாளும் நீங்கள் நடந்து வந்து நிற்கக்கூடிய கடை என்று இந்தத் தெருவில் இருக்கப்போவது என்னுடையது மட்டும்தான். சொல்ல வந்ததை நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கயிறு கட்டிய வாசலுக்கு அந்தப்பக்கம் நீங்கள், இந்தப்பக்கம் நான், இரண்டு பேர் வாயிலும் மாஸ்க், உங்களுக்குப் பின்னால் வட்டத்துக்கு ஒருவராக நாலு பேர். இப்படிப்பட்ட விஷயத்தை அப்படிக் கத்திச் சொல்ல முடியாது. எழுதித்தான் ஆகவேண்டும்.

மாநகராட்சியிலிருந்து காய்ச்சல் கணக்கெடுக்க ஒரு பெண் வருகிறாள். உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். தலையில் தொப்பி, நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கையில் ஒரு நோட்டு. கேட்டைத் தட்டி, "வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல், சளி, இருமல் இருக்காம்மா? வாசனை தெரியுதா? சாப்பாடு ருசி தெரியுதா?" என்று ஒரே மூச்சில் கேட்பாள். நீங்கள் பாதிக் கதவைத் திறந்து "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்பீர்கள். மத்தியான வெயிலில் என் கடை நிழலில் நின்று தண்ணீர் குடிக்கும்போது அவள் சொன்னாள்: "இந்தத் தெருவுல யாருக்குமே ஒண்ணும் இல்லையாம் சார். ஒரு பக்கம் முழுக்க 'இல்லை'ன்னே எழுதியிருக்கேன். எங்க சூப்பர்வைசர் நான் வீட்டுக்கே போகாம எழுதுறேன்னு நினைக்கிறாரு."

அதே தெருவில் நான் டோலோ 650 விற்கிறேன். இந்த மாதம் எவ்வளவு விற்றது என்று இங்கே சொல்லமாட்டேன். எனக்குச் சரக்கு போடுகிற மொத்த வியாபாரி ஃபோன் செய்து, "அண்ணே, உங்க ஏரியாவுல சாதத்துக்குப் பதிலா டோலோதான் சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். அது போதும். டோலோவோடு ஜிங்க், வைட்டமின் சி, இருமல் சிரப், நொச்சி வாசனை வருகிற ஏதோ ஒரு தைலம். மாஸ்க்குக்கு மேலே கண் சிவந்து, வெயிலிலும் போர்த்தின மாதிரி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, "வீட்ல இருக்கட்டுமேன்னுதான்" என்று வாங்கிப் போகிறீர்கள்.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒரு அட்டை டோலோ வீட்டில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். இன்னொரு வகை வாடிக்கையாளர்களையும் எனக்குத் தெரியும். சிக்னலில் போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்கென்றே பழைய மருந்துச் சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷம் முந்தைய சீட்டு, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல் கால் நீட்டி நடக்க வருகிற மனுஷர், திரும்பிப் போகும்போது கையில் ஏதாவது இருக்கவேண்டுமே என்று ஒரு வலித்தைலம் வாங்கிப் போவார். பாவம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. டீக்கடையும் மூடின பிறகு ஒரு ஆம்பிளை எங்கேதான் போய் நிற்பான்? நான் சொல்வது மற்றவர்களை. மாத்திரையை வாங்கிய கையோடு, "அண்ணே, இது எத்தனை மணி நேரத்துக்குக் காய்ச்சலை அடக்கும்?" என்று கேட்கிறவர்களை.

ஏன் கேட்கிறீர்கள் என்று தெரியாமல் இல்லை. கணக்கெடுக்கும் பெண் ஒன்பது, ஒன்பதரைக்கு வருவாள். ஏழரை, எட்டுக்கு ஒரு டோலோ போட்டுக்கொண்டால் அவள் நீட்டும் கருவியில் 97, 98 காட்டும். அதில் தப்பு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் உங்கள் நெற்றி உண்மையிலேயே அவ்வளவுதான். டோலோவில் இருக்கும் பாராசிட்டமால் அதற்கான வேலையைத்தான் செய்கிறது. சூட்டை இறக்கும், வலியைக் குறைக்கும், நாலு முதல் ஆறு மணி நேரம் உடம்பை லேசாக வைக்கும். உள்ளே இருக்கும் கிருமியை அது தொடக்கூடத் தொடாது. 15 மண்டலங்களில், 200 வார்டுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டு மாநகராட்சி எழுதி வாங்குகிற கணக்கை, நான் விற்கிற மாத்திரை ஒன்று காலை எட்டு மணிக்கே முடித்துவைத்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று, 467 பேர் சாவு. இரண்டுமே இதுவரை பார்க்காத எண்ணிக்கை. சென்னையில் கொஞ்சம் இறங்குகிறது, கோவையில் ஏறுகிறது என்கிறது டிவி. இறங்கினால் சந்தோஷம். என் கவுண்டரில் அது இன்னும் தெரியவில்லை.

நேற்றும் இன்றும் நடந்ததைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று அறிவிப்பு வந்தது. நேற்று இரவு ஒன்பது வரை, இன்று காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை எல்லாக் கடையும் திறக்கலாம், வெளியூர் பஸ்ஸும் ஓடும் என்றார்கள். இரண்டு வாரமாகப் பாதி அடைந்து கிடந்த ஊர் மொத்தமும் ஒரே வேளையில் கோயம்பேட்டுக்கும் கொன்னூர் நெடுஞ்சாலைக்கும் கிளம்பிவிட்டது. தக்காளி காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. மளிகைக்கடை வாசலில் தோளோடு தோள். ஜனங்களைக் குறை சொல்லமாட்டேன். ஏழு நாளைக்குக் கடை இல்லையென்றால் பிள்ளைகுட்டிக்காரர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் ஊரை இறுக்கி மூடுவதற்கு முந்தின நாள் ஊரையே கடைத்தெருவில் கூட்டி நிறுத்திய யோசனை யாருடையதோ, அதன் பலன் பத்து நாள் கழித்து என் கடை வாசலுக்குத்தான் முதலில் வரும்.

சரி, ஏன் மறைக்கிறீர்கள்? இதை நான் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அரசாங்கத்துக்குப் பயந்து என்று முதலில் நினைத்தேன். அது ஓரளவுக்குத்தான். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், போனவர்கள் திரும்ப மாட்டார்கள், பொட்டலம் கட்டித்தான் தருவார்கள் என்கிற பயம் சில வயசானவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதை லேசாகப் பேசமாட்டேன். சென்ட்ரலுக்கு எதிரே பெரியாஸ்பத்திரி வாசலில் 108 வண்டிகள் உள்ளே இடமில்லாமல் வரிசையில் நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்தோம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் இந்த மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் 13 பேர் போனதையும் படித்தோம். பயப்படத்தான் செய்வார்கள்.

ஆனால் கவுண்டரில் கேட்கும் காரணங்கள் வேறு. நம் சந்தில் இருக்கும் ஒரு அக்கா அண்ணா நகரில் நாலு வீட்டில் வேலை செய்கிறார். மகளிருக்கு டவுன் பஸ்ஸில் காசு வேண்டாம் என்று புது முதல்வர் 7ஆம் தேதி பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டார், மறுநாளே நடப்புக்கு வந்தது; 10ஆம் தேதி ஊரடங்கு, பஸ்ஸே நின்றுவிட்டது. "ரெண்டு நாள் ஓசியில போனேண்ணே, இப்ப நடந்துதான் போறேன்" என்று சிரித்தார். அவருக்கு மூன்று நாளாக உடம்பு வலி. டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "எடுத்தா எழுதுவாங்க. எழுதினா தெரிஞ்சிடும். நாலு வீட்டுல மூணு வீடு அன்னிக்கே நிறுத்திடும். ரேஷன்ல குடுத்த 2,000 எத்தனை நாளைக்கு வரும்?" நான் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டதில் தப்பு இருந்தால்தானே சொல்வதற்கு!

இன்னொருவர் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரர் மேல்மாடி. தெரிந்தால் காலி பண்ணச் சொல்வார். அம்பது பேரோடு நடத்தலாம் என்று அனுமதி இருக்கும் கல்யாணம் ஒரு வீட்டில்; முகூர்த்தத்துக்குள் யாருக்கும் காய்ச்சல் என்று பேச்சு வந்துவிடக் கூடாது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் காசு கிடையாது. இதில் எந்தக் காரணத்திலும் அரசாங்கம் இல்லை. அடுத்த வீடுதான் இருக்கிறது, மேல் வீடு, வேலை கொடுக்கிற வீடு, சம்பந்தி வீடு. நீங்கள் பயப்படுவது ஒருவருக்கொருவர்.

அந்தப் பயம் சும்மா வரவில்லை. போன வருஷம் நம் தெருவில் முதலில் தொற்று வந்த குடும்பத்தை நினைவிருக்கிறதா? வாசலில் தகரம் அடித்தது மாநகராட்சி. ஆனால் குணமாகி வீடு திரும்பின பிறகும் அவர்களுடைய பால் பாக்கெட்டைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போகும்படி பால்காரப் பையனிடம் சொன்னது மாநகராட்சி இல்லை. தண்ணீர் லாரி வந்தபோது அவர்கள் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டது மாநகராட்சி இல்லை. தகரத்தைப் பதினாலு நாளில் கழற்றிவிட்டார்கள். பொங்கலுக்குக்கூட அந்த வீட்டுக்கு யாரும் தட்டு கொண்டுபோகவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு அவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பார்த்த அத்தனை பேரும் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள்: நமக்கு வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. இப்போது அந்தப் பெண்ணின் நோட்டில் இருக்கிற 'இல்லை' எல்லாம் போன வருஷம் விதைத்தது.

நம் தெரு மட்டும் என்றும் சொல்லமுடியாது. 2020 ஏப்ரலில் நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் தொற்றால் இறந்தார். உடலைக் கீழ்ப்பாக்கத்தில் புதைக்கவிடாமல் கூட்டம் கூடிவிட்டது. அங்கிருந்து அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆம்புலன்ஸ் மேல் கல்லும் கட்டையும் விழுந்தன. ஓட்டுநருக்கு மண்டை உடைந்தது. கடைசியில் நள்ளிரவில் போலீஸ் காவலோடு, கூட வேலை பார்த்த மருத்துவர் தானே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளினார். இந்த இரண்டு இடமும் நமக்கு எவ்வளவு தூரம்? நடந்தே போய்விடலாம். கல் எறிந்தவர்கள் வேற்றூர்க்காரர்கள் இல்லை. ஒரு டாக்டருக்கே இந்தக் கதி என்றால் வீட்டு வேலை செய்கிற பெண் வாசலில் நின்று எப்படி 'ஆமாம்' என்பாள்?

ஒன்று கவனித்திருக்கிறேன், சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாசலில் 'இல்லை' என்று சொல்கிறவர்களில் சிலர்தான் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "அந்தப் பச்சை கேட் வீட்டுக்காரங்க என்ன மாத்திரை வாங்கிட்டுப் போனாங்க?" என்று கேட்கிறீர்கள். ஒரு மருந்துக்கடைக்காரனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. நான் சொல்லமாட்டேன். இன்று வரை சொன்னதும் இல்லை. உங்கள் வீட்டு விஷயத்தை அந்தப் பச்சை கேட் வீட்டுக்காரர் கேட்டபோதும் சொல்லவில்லை.

மறைத்தால் என்ன ஆகும்? இதை உங்களுக்கு விளக்கமாகச் சொல்லவேண்டியது என் வேலை. முதல் நாள் என்பது டெஸ்ட் எடுத்த நாளோ முடிவு வந்த நாளோ இல்லை. உடம்பு முதலில் முடியாமல் போன நாள்தான் முதல் நாள். அதிலிருந்து எண்ணவேண்டும். முதல் சில நாள் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. பெரும்பாலானவர்களுக்கு அதோடு போய்விடும். சிலருக்கு மட்டும் முதல் வாரம் முடிகிற சமயத்தில், காய்ச்சல் விட்டுவிட்டது, தப்பித்தோம் என்று குளித்துச் சாப்பிட்டு உட்காருகிற சமயத்தில், நுரையீரலில் வேலை ஆரம்பிக்கும். மூச்சு வாங்குவதுகூடத் தெரியாமல் ஆக்சிஜன் இறங்கும். அதுதான் இந்த நோயின் கெட்ட குணம். போன வாரம் சாயங்காலம் ஒரு பையன் ஓடிவந்து ஆக்சிமீட்டர் கேட்டான். அப்பாவுக்கு எத்தனை நாளாக என்றேன்; "ஒன்பது நாளா லேசா இருந்துச்சு, இப்ப நல்லாத்தான் பேசிக்கிட்டு இருக்காரு, சும்மா பார்க்கலாம்னு" என்றான். வீட்டுக்குப் போய் மாட்டிவிட்டு ஃபோனில் சொன்னான், 86. விரலை மாற்றிப் பார் என்றேன். 85. அந்த மனுஷர் அப்போது டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாராம். இடம் தேடி அலைந்து மறுநாள் விடியற்காலைதான் படுக்கை கிடைத்தது. ஒன்பது நாளும் அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் ஆக்சிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். காசு கேட்காமல்.

எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். இந்த மாதம் ஆக்சிமீட்டர் விற்ற விலை உங்களுக்குத் தெரியும். முன்பு விற்றதுபோல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அதைக் கடன் வாங்கியாவது வாங்குகிறீர்கள். வாசலுக்கு வருவதை வேண்டாம் என்கிறீர்கள்.

மறைக்கிற வீட்டில் டாக்டரும் கிடையாது. அது அடுத்த ஆபத்து. டாக்டரிடம் போனால் டெஸ்ட் எழுதுவார், அதனால் வாட்ஸ்அப்பில் வந்த சீட்டு. ஒரே ஒரு சீட்டு இந்த ஏரியா முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் யாரோ 52 வயதுக்காரருக்கு யாரோ டாக்டர் எழுதியது. கையெழுத்துக்கு மேலே காப்பிக் கறை. ஃபோனுக்கு ஃபோன் அதே கறையோடு என் கவுண்டருக்கு வருகிறது. இருபது வயசுப் பெண்ணும் அதைத்தான் நீட்டுகிறாள், எழுபது வயசுச் சர்க்கரைக்காரரும் அதைத்தான் நீட்டுகிறார். அதில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, பூச்சி மாத்திரை இருக்கிறது, ஸ்டீராய்டும் இருக்கிறது. தரமாட்டேன் என்றால், "பக்கத்துக் கடையில தர்றாங்க" என்கிறீர்கள். தரட்டும்.

ஸ்டீராய்டைப் பற்றி மட்டும் நின்று கேளுங்கள். டெக்ஸாமெத்தாசோன் உயிரைக் காக்கிறது என்று போன வருஷம் ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியில் தெரியவந்தது உண்மை. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கும் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கும் சாவு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை என்பதும் அதே ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அந்தப் பாதி வாட்ஸ்அப்பில் வரவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாளே இதை முழுங்கினால் உடம்பு கிருமியோடு போராடுவதை நாமே அமுக்கிவிடுகிறோம். சர்க்கரை எகிறும். சர்க்கரை ஏறிய உடம்பில் இப்போது கருப்புப் பூஞ்சை வருகிறது. வியாழக்கிழமைதான் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்திருக்கிறார்கள். சீட்டில் அந்த மாத்திரைப் பெயரைப் பார்த்தாலே என் கை நின்றுவிடுகிறது.

ரெம்டெசிவிர் கேட்டு இன்னும் வருகிறார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு அதை விற்றபோது ராத்திரியே வந்து பிளாட்பாரத்தில் படுத்துக்கிடந்தவர்களை நாம் எல்லோரும் போகவர பார்த்தோம். பிறகு நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே கூட்டம், இப்போது ஆஸ்பத்திரிகளுக்கே நேராகக் கொடுக்கிறார்கள். சில்லறைக் கடையில் அது கிடையாது, என்னிடமும் கிடையாது. அது உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று போதவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் போன நவம்பரிலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும் மகளிடம் இதைச் சொன்னால் அவள் என்னை எதிரி மாதிரி பார்க்கிறாள். சொல்லத்தான் செய்கிறேன்.

தடுப்பூசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். நடிகர் விவேக் ஏப்ரலில் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து காலமானதிலிருந்து இந்தத் தெருவில் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டீர்கள். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று வைத்தியம் பார்த்த டாக்டர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு. நான் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. கையைக் காட்டச் சொன்னால் காட்டுகிறேன்.

இப்போது நான் கேட்பது என்னவென்று சொல்கிறேன். வாசலில் நின்று எல்லோர் எதிரிலும் 'ஆமாம், எங்கள் வீட்டில் காய்ச்சல்' என்று சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. போன வருஷம் நடந்ததைப் பார்த்தவர்களிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். காலையில் டோலோ போட்டிருந்தால் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். "எட்டு மணிக்கு ஒண்ணு போட்டேம்மா." அவ்வளவுதான். மிச்சத்தை அவள் புரிந்துகொள்வாள், கெட்டிக்காரி, பி.எஸ்ஸி. படித்திருக்கிறாள். நெற்றியை விட்டுவிட்டு விரலைக் கேட்பாள். கொடுங்கள். மருதாணியோ நகச்சாயமோ இருந்தால் அது இல்லாத விரலைக் கொடுங்கள், இல்லையென்றால் எண் தப்பாகக் காட்டும். காய்ச்சல் முகாமுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போய்விட்டு வாருங்கள். சென்னைக்குள் வைத்தியத்துக்குப் போக இ-பதிவு வேண்டியதில்லை, போலீஸும் தடுக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணை 'வா, போ' என்று விரட்டுவதையும் நிறுத்துங்கள். அவள் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறார், சாயங்காலம் வாசலிலேயே குளிக்கவைத்துத்தான் உள்ளே விடுகிறாராம்.

வேலை கொடுக்கிறவர்களுக்கும் வாடகைக்கு விட்டவர்களுக்கும் தனியாக ஒரு வரி. பதினாலு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தால் அந்த அக்கா முதல் நாளே உண்மையைச் சொல்வார். கொடுக்காவிட்டால் உங்கள் சமையலறையில் நின்று இருமிவிட்டு 'தூசு' என்பார். இதில் உங்களுக்கு எது லாபம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டவேண்டியதில்லை. வீட்டுக்காரர்களே, காய்ச்சல்காரரைக் காலி பண்ணச் சொன்னால் அவர் எங்கே போவார், இந்த ஊரடங்கில்? போகும் வழியில் ஏறி இறங்குவது உங்கள் மாடிப்படியில்தான்.

என் பங்குக்கு நான் செய்ய முடிவதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு ஆக்சிமீட்டரை விற்பனையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. இரவல் வாங்கிப் போய், உட்கார்ந்தபடி ஒரு தடவை பாருங்கள், வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடந்துவிட்டு ஒரு தடவை பாருங்கள், திருப்பிக் கொடுங்கள். நடந்த பிறகு நாலு புள்ளி இறங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே காட்டினாலோ 104-க்கோ 108-க்கோ கூப்பிடுங்கள். படுக்கை கிடைக்கும்வரை குப்புறப் படுத்திருக்கச் சொல்லுங்கள், அதில் கொஞ்சம் ஏறும். மாத்திரை வேண்டுமென்றால் கடைப் பலகையில் இருக்கும் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் டாக்டர் சீட்டை அனுப்புங்கள், கடைப் பையன் கேட்டில் தொங்கவிட்டுப் போவான். பால், தண்ணீர் கேன், காய்கறி வண்டியில் ஏதாவது வாங்கவேண்டும் என்றாலும் அவனிடமே சொல்லுங்கள். பழுப்புக் கவரில் ஒட்டித்தான் வரும்; உள்ளே இருப்பது டோலோவா, பி.பி. மாத்திரையா என்று எதிர் வீட்டுக்குத் தெரியாது.

காப்பிக் கறைச் சீட்டைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

நாளை காலை ஏழு மணிக்குக் கடை திறப்பேன், இரவு ஒன்பது வரை இருப்பேன். ஜிங்க் மாத்திரை தீர்ந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். டோலோ இருக்கிறது.